செல்போனில் மனை வியாபாரமும் கடைக்காரரின் நாணயமும்



அரிசி, பருப்பு விற்பவர்களின் பத்திரிகையில் வீட்டுமனை விளம்பரத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. இன்று மனை வியாபாரமும், வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கித் தரும் தொழிலும் பாதிக்கு மேல் செல்போனில்தான் நடக்கின்றன. அந்தச் செல்போன்களில் நம்முடையவையும் உண்டு. நம் உறுப்பினர்களில் பலருடைய பிள்ளைகள் மளிகையோடு மனைத் தரகையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். சிலர் நிலம் வாங்கி, நாலு வீடு கட்டி விற்கிறார்கள். இரண்டிலும் இல்லாதவரிடமும் தரகர் வந்து, "அண்ணாச்சி, உங்க வாட்ஸ்அப்பில் இதைக் கொஞ்சம் போட்டுவிடுங்க, முடிஞ்சா உங்களுக்கு ஒரு கமிஷன்" என்கிறார். ஆகவே இது நம் விஷயம்தான்.

முன்பெல்லாம் மனை விற்க என்ன செய்தார்கள் என்பதை மூத்த வணிகர்கள் அறிவார்கள். நோட்டீஸ் அடித்துத் தினசரிக்குள் வைத்து அனுப்பினார்கள். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். சினிமாக் கொட்டகையில் சிலைடு போட்டார்கள். தொண்ணூறுகளில் தொலைக்காட்சியில் நடிகர்களை வைத்து விளம்பரம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இலவசப் பஸ், மதியம் சாப்பாடு, மாதத் தவணை. அந்தக் காலத்து விளம்பர வெள்ளத்தில் நல்லவர்களும் வந்தார்கள், மற்றவர்களும் வந்தார்கள். தேக்குமரம் வளர்த்துப் பணத்தைப் பெருக்கித் தருகிறோம் என்று பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்த அனுபவ் நிறுவனம் 1998ல் சரிந்தபோது எத்தனை குடும்பங்கள் கையைப் பிசைந்து நின்றன! முதலீட்டாளர்களைக் காக்கத் தமிழக அரசு 1997லேயே தனிச்சட்டம் கொண்டுவர வேண்டிய அளவுக்கு அன்றைய நிலைமை இருந்தது.

இன்று மாறியிருப்பது ஒன்றுதான். விளம்பரச் செலவு ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. முன்பு நோட்டீஸ் அடிக்கவாவது அச்சகத்துக்குப் பணம் கட்ட வேண்டும். கையில் நாலு காசும், ஊரில் ஒரு விலாசமும் உள்ளவன்தான் விளம்பரம் செய்தான். இன்று விலாசமே இல்லாதவனும் ஒரு படத்தை எடுத்து, ஒரு பாட்டைச் சேர்த்து, ஐந்து நிமிடத்தில் ஐயாயிரம் பேருக்கு அனுப்பிவிடுகிறான். இதனால் செல்போன் விளம்பரம் கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. மூலதனம் குறைந்த நேர்மையான வியாபாரிக்கு இதைப்போன்ற நல்ல கருவி இதுவரை கிடைத்ததில்லை. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில், தரகருக்கு நம் செல்போன் ஏன் வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியை 256 பேருக்கு ஒன்றாக அனுப்பும் பட்டியல் வசதி இருக்கிறது. அதில் ஒரு விதி உண்டு. நம் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச்சேரும். தரகருடைய எண்ணை யார் பதிந்து வைத்திருக்கிறார்கள்? நம் எண்ணை ஊரே பதிந்து வைத்திருக்கிறது. "சிலிண்டர் வந்ததா, அரை மூட்டை பொன்னி அனுப்புங்க, கணக்கில் எழுதிக்குங்க" என்று கேட்பதற்காகப் பதிந்து வைத்த எண் அது. இருபது முப்பது வருடம் சரியாக எடை போட்டதால் வந்த சொத்து. கல்லாவில் இருக்கும் பணத்தைவிடப் பெரிய முதல். அந்த முதலை, முன்பின் பார்த்திராத மனைக்கு நாம் ஈடாக வைக்கிறோம்.

காலடிப்பேட்டைப் பக்கம் மளிகை வைத்திருக்கும் தம்பி ஒருவர் சொன்னது இது. அவர் கடையிலிருந்து போன ஒரு மனை விளம்பரத்தைப் பார்த்து, தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், வைப்புநிதியாக வந்த பணத்திலிருந்து முன்பணம் கட்டியிருக்கிறார். மழைக்காலத்தில் போய்ப் பார்த்தால் மனைக்குப் போகும் பாதையில் முழங்கால் தண்ணீர். கொடுத்த பணம் திரும்பவில்லை. அந்தக் குடும்பம் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. கணக்கைத் தீர்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டது. பதினெட்டு வருட வாடிக்கை. மனை விற்றவர் யாரென்று அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியாது. சொன்ன கடைக்காரரைத்தான் தெரியும்.

நம் பகுதிக்கு இது சாதாரண விஷயமல்ல. 1955ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. எம்.ஆர்.எஃப்., விம்கோ, எண்ணூரில் அசோக் லேலண்டு என்று தொழிலாளர்கள் குடியேறி வளர்ந்த ஊர் இது. இங்கே மனை வாங்குபவர் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை வாங்குபவர். கிராஜுவிட்டி, வைப்புநிதி, மனைவியின் நகை எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு கிரவுண்டோ அரைக் கிரவுண்டோ. போனால் மறுபடி சம்பாதிக்க வயது கிடையாது.

அடுத்து, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்யப்பட வேண்டிய மனைத் திட்டத்தையோ அடுக்குமாடித் திட்டத்தையோ பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதே கூடாது. விற்பது மட்டும் குற்றம் என்று நினைக்கிறோம். விளம்பரமே குற்றம். எந்த ஊடகத்தின் வழியாகச் சொன்னாலும் அது விளம்பரம்தான் என்று சட்டம் விளக்கம் தருகிறது. வாட்ஸ்அப்பில் போடும் படத்துக்கும் இது பொருந்தும். விளம்பரத்தில் பதிவு எண்ணையும், ஆணையத்தின் இணையதள முகவரியையும் குறிப்பிட வேண்டும். விளம்பரத்தில் சொன்னது பொய்யாகி வாங்கியவர் நஷ்டப்பட்டால், திட்டக்காரர் இழப்பீடு தரவேண்டும். வாங்கியவர் விலக விரும்பினால் முழுப்பணத்தையும் வட்டியோடு திருப்ப வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுமுன் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது.

நம்மைத் தொடுகிற பகுதி இனிமேல்தான் வருகிறது. கமிஷனுக்காகவோ வேறு எந்த வகைக் கூலிக்காகவோ, எந்த ஊடகத்தின் வழியாகவும் வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகம் செய்து வைப்பவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் முகவர். பதிவு பெற்ற திட்டங்களில் விற்பனைக்குத் துணைபோகும் முகவர் தாமும் ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், அந்த மனை அல்லது வீட்டு மதிப்பில் ஐந்து சதவீதம் வரை அபராதம். "நான் வெறுமனே பார்வேர்டு பண்ணினேன்" என்று சொல்லிக் கமிஷனைக் கையில் வாங்கியவர் தப்ப முடியாது. பழைய வீடு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுவதற்கு இந்தப் பதிவு விதி இல்லை. அதுபோல 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் கட்டுவதற்கும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டத்துக்கும் பதிவு தேவையில்லை. நம் ஊரில் கட்டப்படும் ஆறு வீடு, எட்டு வீடு கொண்ட கட்டடங்கள் பல இப்படிப்பட்டவை. அவற்றுக்குப் பதிவு எண் இருக்காது. அரசாங்கம் பார்க்காத இடத்தில் நாம்தான் இரண்டு மடங்கு பார்க்க வேண்டும்.

சரி, இந்தத் தொழிலில் இருக்கும் நம் பிள்ளைகள் செல்போனைப் பயன்படுத்தி நல்லபடியாக வியாபாரம் செய்வது எப்படி? மொத்த வியாபாரத்தில் மூட்டையின் வாய்ப்பக்கத்துப் பருப்பைப் பார்த்து யாரும் விலை பேசுவதில்லை. குத்தூசியை நடுமூட்டையில் குத்தி எடுத்துப் பார்க்கிறோம். செல்போன் விளம்பரங்களில் பெரும்பாலானவை வாய்ப்பக்கத்துப் பருப்பு. வளைவு, தென்னங்கன்று, தார் ரோடு, பறக்கும் கேமராவில் எடுத்த படம். வாங்குபவர் இதையெல்லாம் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டார். நடுமூட்டையைக் காட்டுகிறவன் எவனோ, அவனுக்குத்தான் இனி வியாபாரம்.

நடுமூட்டை என்பது முதலில் காகிதம். சர்வே எண், சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகார எண், ரியல் எஸ்டேட் ஆணையப் பதிவு எண் ஆகிய மூன்றையும் படத்தின் மேலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர்நீதிமன்றம் தடை விதித்தபோது, கையில் பணம் கொடுத்துவிட்டுப் பதிவு அலுவலக வாசலில் நின்றவர்களை மறந்துவிடக்கூடாது. வில்லங்கச் சான்றை இன்று பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பட்டாவையும் வருவாய்த்துறை இணையதளத்தில் சரிபார்க்கலாம். அந்த எண்களைக் கொடுத்து, "நீங்களே பாருங்கள்" என்று சொல்லுகிற விளம்பரத்துக்கு நிகரான விளம்பரம் கிடையாது. நம் ஊர் கோயில் ஊர். கோயில் நிலத்தை உரிய அனுமதியில்லாமல் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு இடம் கொடுப்பதில்லை. ஆகவே எந்த இடத்தைக் காட்டினாலும் அது யாருக்குச் சொந்தமாக இருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாற்றை நாலு வரியில் சொல்லிவிடுவது விற்பவருக்கே பாதுகாப்பு.

இரண்டாவது விலை. "விலைக்குத் தொடர்பு கொள்ளவும்" என்று போடுவதைப் போல வாடிக்கையாளரை விரட்டுவது வேறில்லை. பருப்பு விலையை அட்டையில் எழுதி மூட்டையில் செருகி வைக்கிறோம். மனைக்கும் அப்படியே. சதுர அடி விலை, முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம், தரகு எல்லாம் சேர்த்துக் கடைசியில் கையை விட்டுப் போவது எவ்வளவு என்று ஒரே தொகையாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது குறை. இதைச் சொல்லத்தான் பயப்படுகிறார்கள். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்தது. அன்றிலிருந்து மீஞ்சூருக்கு அப்பால் இருக்கும் மனைக்கும் "மெட்ரோவிலிருந்து பத்தே நிமிடம்" என்று விளம்பரம் வருகிறது. எண்ணூர்ச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு நாள் மாட்டிக்கொண்டவருக்குப் பத்து நிமிடம் என்றால் என்னவென்று தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் வரை எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு எண்ணூர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஜனங்கள் நடுராத்திரியில் வீட்டை விட்டு ஓடினார்கள். இதெல்லாம் ஊரறிந்த செய்தி. இதை மறைத்து விளம்பரம் போடுகிறவரை உள்ளூர்க்காரன் சிரித்துவிட்டுப் போவான். "இந்தத் தெருவில் 2023 வெள்ளத்தில் இரண்டடி தண்ணீர் நின்றது, அதனால் தரைத்தளத்தை மூன்றடி உயர்த்திக் கட்டியிருக்கிறோம்" என்று சொல்பவரை நின்று கேட்பான். மழை பெய்யும்போது மனையில் நின்று செல்போனில் எடுத்த ஒரு நிமிடப் படம், வெயிலில் எடுத்த ஒரு மணி நேரப் படத்தைவிட வேலை செய்யும்.

நான்காவது எல்லை. உலகத்துக்கே விற்கப் பார்க்கக்கூடாது. பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் பணம் கட்டிப் போடும் விளம்பரத்தை எந்த வட்டாரத்தவர் பார்க்க வேண்டும் என்று நாமே குறிக்கலாம். திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம், மணலி என்று நாலு ஊரை எடுத்துக்கொண்டு, அந்த நாலு ஊரின் தெரு, குடிநீர், பள்ளிக்கூடம், பஸ், வாடகை நிலவரம் பற்றி வாரம் ஒரு சிறு படம் போட்டுவந்தால் ஒரு வருடத்தில் "அந்தத் தம்பியைக் கேட்டால் தெரியும்" என்ற பேர் வந்துவிடும். கேள்வி கேட்டவருக்கு அன்றே பதில் சொல்ல வேண்டும். பதிவு முடிந்தபின் பட்டா மாற்றம் ஆகும்வரை கூட நிற்க வேண்டும். அந்தக் குடும்பம் தானே முன்வந்து நாலு பேரிடம் சொல்லும். அதற்கு மேல் விளம்பரம் எதற்கு?

அடமானக் கடன் விளம்பரத்துக்கும் இதே கணக்குத்தான். "வீட்டுப் பத்திரத்தின் பேரில் உடனடிக் கடன், வட்டி வெறும் 12 சதவீதம்" என்று வருகிறது. எந்த 12 என்று சொல்வதில்லை. பத்து லட்சம் ரூபாய், ஐந்து வருடத் தவணை என்று வைத்துக்கொள்வோம். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் 12 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 22,244 ரூபாய். மொத்த வட்டி சுமார் 3,35,000. முதல் நாள் அசலுக்கே கடைசிவரை வட்டி போடும் முறையில் அதே 12 சதவீதம் என்றால் மாதத் தவணை 26,667 ரூபாய். மொத்த வட்டி ஆறு லட்சம். வித்தியாசம் இரண்டே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. உண்மையில் அந்தக் கடனின் வட்டி 20 சதவீதத்துக்கு மேல். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் தரும் புதிய கடன்களுக்கு, எல்லாச் செலவும் சேர்த்து வருட வட்டி எவ்வளவு என்று காட்டும் விவரத்தாளைக் கையெழுத்துக்கு முன்பே தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. கடன் முகவராக இருக்கும் நம் பிள்ளைகள் அந்தத் தாளில் உள்ள எண்ணையே விளம்பரத்தில் போடட்டும். கடன் வருமுன் "பிராசசிங் கட்டணம் அனுப்புங்கள்" என்று தெரியாத எண்ணிலிருந்து கேட்டால் அது கடன் கொடுப்பவனின் வழக்கம் இல்லை என்று நம் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லுவோம். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யச் சொல்லுவோம்.

"குறையைச் சொன்னால் பக்கத்து ஆள் பொய்யைச் சொல்லி விற்றுவிடுவானே" என்று இளைஞர்கள் கேட்பது எனக்குத் தெரியும். நியாயமான கேள்வி. முதல் வருடம் அவன்தான் அதிகம் விற்பான். கலப்பட எண்ணெய் விற்றவனும் முதல் வருடம் நம்மைவிட அதிகம்தான் விற்றான். ஆனால் செல்போனில் ஒரு வித்தியாசம் உண்டு. நல்லதைப் பரப்பிய அதே வேகத்தில் கெட்ட பேரையும் அது பரப்பும். நோட்டீஸ் மறுநாள் பஜ்ஜி மடிக்கப் போய்விடும். வாட்ஸ்அப்பில் போட்ட பொய்யோ, வாங்கியவர் போனில் தேதி, நேரத்தோடு அப்படியே நிற்கும். நாளை ஆணையத்தின் முன்னால் அதுவே சாட்சி.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பொதுக்குழுவில் மூன்று தீர்மானங்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அங்கீகார எண்ணும், தேவையான இடத்தில் ஆணையப் பதிவு எண்ணும் இல்லாத மனை விளம்பரத்தை அனுமதிப்பதில்லை. இரண்டு, மளிகைக்காக வைத்திருக்கும் வாடிக்கையாளர் எண்களை மனைக்கோ கடனுக்கோ எந்த உறுப்பினரும் யாருக்கும் கொடுப்பதில்லை. மூன்று, மனை, கடன் தொழிலில் உள்ள உறுப்பினர்களின் பிள்ளைகளுக்காக ஒரு நாள் வகுப்பு வைத்து, வில்லங்கம் பார்ப்பது, ஆணையத்தில் முகவராகப் பதிவு செய்வது, விளம்பரத்தில் என்ன போடுவது என்பதை ஒரு வழக்கறிஞரையும் ஓய்வுபெற்ற பதிவுத்துறை அலுவலர் ஒருவரையும் கொண்டு சொல்லித்தருவது. பெரிய செலவு ஒன்றுமில்லை. சங்கக் கட்டடமும் ஒரு வேளைக் காப்பியும் போதும்.

அதுவரை ஒவ்வொருவரும் ஒன்று செய்யலாம். மனை விளம்பரத்தை அனுப்பச் சொல்லி யார் வந்தாலும், "உங்கள் மகளுக்கு இந்த மனையை வாங்கித் தருவீர்களா, பத்திரத்தைக் காட்டுங்கள்" என்று கேட்போம். காட்டுகிறவருக்கு உதவுவோம். மழுப்புகிறவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைப்போம்.